இலையுதிர்காலத்துக்கு ஆறு சிவப்பு ஒயின்: எதை எடுப்பது, எந்த வரிசையில் சுவைப்பது?

கொடிமுந்திரி:

அக்டோபர் நடுவில் எட்டுப் பேர் உட்கார்ந்து ஆறு சிவப்பு ஒயின்களைச் சுவைத்துப் பார்ப்பதாகத் திட்டம். எல்லோரும் ஒயின் குடித்துப் பழகியவர்கள்தான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. வெயில் தணிந்து குளிர் தொடங்கும் பருவத்துக்குப் பொருந்தும்படி இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

இப்போதைக்குப் பட்டியல்: போஜொலே நூவோ, கலிஃபோர்னியா ஜின்ஃபண்டெல், பரோசா ஷிராஸ், நாப்பா கேபர்னே சோவிஞ்ஞோன், ஷத்தோநெஃப் து பாப், பரோலோ. குளிர்காலம் நெருங்குவதால் கனமானவற்றைப் பார்த்து எடுத்தேன். இது சரியா? வரிசை எப்படி? எத்தனை பாட்டில் வாங்க வேண்டும்? எல்லாவற்றையும் முன்கூட்டியே டிகாண்டரில் (காற்றுப் படுவதற்காக ஊற்றும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி வைக்கலாமா?

துவர்ப்புப்பிரியன்:

முதலில் பட்டியலிலிருந்து நூவோவை எடுத்துவிடுங்கள். அந்த ஆண்டு அறுவடையில் செய்த நூவோ நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமைதான் விற்பனைக்கு வரும். 1985 முதல் அதுதான் விதி. அக்டோபரில் கடையில் நூவோ கண்ணில் பட்டால் அது போன வருடத்துச் சரக்கு. சில மாதங்களுக்குள் குடித்துவிடச் செய்த ஒயின் அது. ஒரு வருடம் கிடந்தால் பழ வாசனை வடிந்து புளிப்பு மட்டும் மிஞ்சும்.

மீதி ஐந்தும் பெரும்பாலும் 14 சதவீத ஆல்கஹாலைத் தொடும் அல்லது தாண்டும் ஒயின்கள். தனித்தனியாகப் பார்த்தால் குறையில்லை. ஐந்தையும் அடுத்தடுத்து வைத்தால் மூன்றாவதிலேயே நாக்கு மரத்துப்போகும், பிறகு எல்லாமே ‘கெட்டியாக, சூடாக’ என்றுதான் தெரியும். இலையுதிர்காலம் என்றதும் கனத்துக்குத் தாவுவது பலரும் செய்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கனமான ஒயினுக்குக் கடுங்குளிர் காத்திருக்கிறது. இந்த இடைப்பட்ட பருவத்துக்குப் புளிப்பு நிமிர்ந்து நிற்கிற, நடுத்தர உடம்புள்ள, பழத்தோடு மண்ணும் காய்ந்த இலையும் காளானும் மணக்கிற ஒயின்கள்தான் பொருத்தம். காளான், சுட்ட கிழங்கு, பூசணி என்று இந்தப் பருவத்துச் சாப்பாட்டுக்கும் அவைதான் தோது. கேபர்னேயின் கடுந்துவர்ப்புக்குக் கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சி வேண்டும். பூசணியோடு அது தனியாக உறுத்திக்கொண்டு நிற்கும்.

நான் எடுத்தால் இப்படி எடுப்பேன்.

நூவோவுக்குப் பதில் அதே காமே திராட்சையில் செய்த மொர்கோன். போஜொலேயில் பத்து ஊர்ப்பகுதிகளுக்கு ‘க்ரூ’ என்ற உயர்தகுதி உண்டு. அவற்றில் மொர்கோனும் மூலன்-ஆ-வானும் கொஞ்சம் கட்டுமஸ்தானவை, சில வருடம் வைத்தும் குடிக்கலாம். ஃப்ளூரி, ஷிரூப்ள் இரண்டும் மென்மையானவை. லேபிளில் ஊர்ப்பெயர்தான் பெரிதாக இருக்கும், போஜொலே என்ற சொல் சில சமயம் எங்குமே இருக்காது. கடையில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

அடுத்து ஒரு பினோ நுவார். பர்கண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கு, ஜெர்மனியின் பாடன், நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒட்டாகோ எதுவானாலும் சரி. நான்கைந்து வருடம் வயதானதாகக் கிடைத்தால் விடாதீர்கள். ஈரக்காட்டுத் தரை வாசனை அந்த வயதில்தான் எட்டிப்பார்க்கும்.

மூன்றாவது, பிரான்சின் லுவார் பகுதியின் ஷினோன். முழுக்கவோ பெரும்பாலுமோ கேபர்னே ஃப்ரான் திராட்சை. நான்காவது இத்தாலியின் கியாந்தி கிளாசிகோ. சஞ்சொவேசே திராட்சை குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். புளிச் செர்ரி, காய்ந்த மூலிகை, முடிவில் லேசான கசப்பு. ஐந்தாவது வட ரோன் பகுதியின் செய்ன்-ஜோசஃப் அல்லது க்ரோஸ்-எர்மிதாஜ். பரோசா ஷிராஸும் இதுவும் ஒரே சிரா திராட்சைதான் என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும், இதில் ஜாமுக்குப் பதில் மிளகு.

கடைசியாக, பரோலோவை மாற்றி பார்பரெஸ்கோ. இரண்டும் நெபியோலோ திராட்சை. பரோலோ விற்பனைக்கு முன் 38 மாதம் காத்திருந்து, அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருந்து வர வேண்டும். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், மரப்பீப்பாயில் 9. வெளிவந்த சூட்டில் திறந்தால் பார்பரெஸ்கோ சற்றே பணிந்து வரும். அதுவும் முரடு என்று தோன்றினால் லாங்கே நெபியோலோ போதும்.

லேபிளில் ஒயினின் கனத்தைக் காட்டும் நேரடியான குறிப்பு ஆல்கஹால் சதவீதம்தான். 12.5–13 என்றால் இலகு, 13–14 நடுத்தரம், 14.5 என்றால் கனம் என்று கடையில் நின்றுகொண்டே பிரித்துவிடலாம். ஆனால் அச்சிட்ட எண் அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பாவில் பொதுவாக அரை சதவீதம் வரையும், அமெரிக்காவில் 14-க்குக் கீழே 1.5 வரையும், மேலே 1 வரையும் வித்தியாசம் அனுமதி.

கார்க்திருகி:

பட்டியலுக்கு என் ஓட்டும் உண்டு, ஷினோனைத் தவிர. கீழே சொல்கிறேன். முதலில் கணக்கு.

ஒரு ஆளுக்கு ஒரு ஒயின் 50 மில்லி. சுழற்றி முகரவும் மூன்று மடக்கு சுவைக்கவும் அது தாராளம். எட்டுப் பேருக்கு 400 மில்லி. ஆக, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் போதும், 350 மில்லி மிச்சமும் இருக்கும். 375 மில்லி அரைப் பாட்டில்கள் ஆறைக் கழுவிக் காயவைத்துத் தயாராக வையுங்கள். திறந்ததும் முதல் வேலையாக மிச்சத்தை அதில் கழுத்துவரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே காற்றுக்கு அதிகம் இடமிருக்காது, நாலைந்து நாள் தாங்கும். பாதி காலியான பெரிய பாட்டிலில் விட்டால் காமேயும் பினோவும் இரண்டாம் நாளே தளர்ந்துவிடும்.

துப்புவதற்குப் பாத்திரம் வையுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆறையும் விழுங்கினால் ஒருவருக்கு 300 மில்லி, 13.5 சதவீதத்தில் சுமார் 32 கிராம் ஆல்கஹால். நான்காவது ஒயினுக்கு வரும்போதே கவனிக்கும் திறன் குறைந்துவிடும். வண்டி ஓட்டப்போகிறவர் துப்பத்தான் வேண்டும். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெப்பநிலை. லேபிளை விட, டிகாண்டரை விட, இதுதான் சுவையை அதிகம் மாற்றும். ‘சிவப்பு ஒயின் அறை வெப்பநிலையில்’ என்ற பேச்சு, வீடு முழுவதும் சூடேற்றும் வசதி இல்லாத ஐரோப்பிய வீடுகளின் அறையை மனதில் வைத்துச் சொன்னது. இப்போது வீட்டுக்குள் 22–25 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறும், புளிப்பு தொய்ந்துபோகும், நல்ல ஒயின்கூட கஞ்சிபோலத் தெரியும். ஊற்றும்போது இருக்க வேண்டியது: மொர்கோன் 12–13, பினோவும் ஷினோனும் 13–14, கியாந்தி 15, சிராவும் நெபியோலோவும் 16 டிகிரி. கிளாஸுக்கு வந்து கால் மணி நேரத்தில் தானாகவே இரண்டு டிகிரி ஏறிவிடும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

25 டிகிரியில் கிடக்கும் பாட்டில் ஃபிரிட்ஜில் 16-க்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். வெறும் பனிக்கட்டியில் நட்டு வைத்தால் இடையில் காற்று நிற்பதால் மெதுவாகத்தான் குளிரும், தண்ணீர் கட்டாயம். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் முதல் கிளாஸில் விட்டுப் பாருங்கள், யூகத்துக்கு வேலையில்லை. அதிகம் குளிர்ந்துவிட்டாலும் பயமில்லை, கிளாஸின் கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தினால் சில நிமிடத்தில் சரியாகும். ஆனால் நெபியோலோவை 12 டிகிரியில் கொடுத்துவிடாதீர்கள், குளிரில் துவர்ப்பு கூர்மையாகும்.

கிளாஸ் ஆளுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். ஒரே வடிவத்தில், மேலே குறுகி, கிண்ணம் 250 மில்லிக்குக் குறையாமல். முக்கியமான விஷயம் சுத்தம். சோப்பு மிச்சம், அலமாரி மரவாடை, துடைத்த துணியின் ஈரவாடை மூன்றும் ஒயினின் குறையாகத் தப்பாகப் பதிவாகும். காலி கிளாஸை முதலில் முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் சூடான நீரில் அலசி, பிறகு ஒரு ஸ்பூன் ஒயினை விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டு ஊற்றுங்கள்.

ஷினோன் பற்றி. கேபர்னே ஃப்ரானில் பைரசீன் என்ற சேர்மத்தால் பச்சைக் குடைமிளகாய் வாசனை வரும். பழம் சரியாகப் பழுக்காத ஆண்டு என்றால் அது மட்டுமே வரும். முதல்முறை ஒப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் ‘இது கெட்டுப்போச்சு’ என்பார்கள். அதற்குப் பதில் ஸ்பெயினின் ரியோஹா ரெசெர்வா வைத்தால் என்ன? மூன்று வருடம் முதிர்ந்து, அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில் இருந்து வரும். உங்கள் ஆறில் ஓக் என்றால் என்ன என்று தெளிவாகக் காட்ட ஒன்றுமே இல்லை.

துவர்ப்புப்பிரியன்:

ஓக் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் மாற்ற வேண்டுமானால் கியாந்தியை மாற்றுங்கள், ஷினோனை வையுங்கள். குடைமிளகாய் வாசனையைக் குறை என்று நினைப்பவர்களுக்குக் குறைக்கும் குணத்துக்கும் வித்தியாசம் காட்டத்தானே இந்த மாதிரி உட்கார்வது? வெப்பமான ஆண்டின் ஷினோனில் அது பென்சில் சீவல், ராஸ்பெர்ரி அளவுக்கு அடங்கியிருக்கும். ஆண்டு தெரியாவிட்டால் கடைக்காரரிடம் ‘பச்சை வாசனை குறைவாக உள்ளதா’ என்று நேராகக் கேட்டு வாங்கலாம்.

கொடிமுந்திரி:

சரி, கியாந்தி போய் ரியோஹா வருகிறது. டிகாண்டர் கேள்வி அப்படியே நிற்கிறது. இன்னொன்று: சுவைக்கும்போது என்ன கவனிப்பது? எங்கள் கூட்டத்தில் ஒருவர் ‘கருப்பு பெர்ரி, தோல், புகையிலை’ என்று அடுக்குவார், மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். அதைத் தவிர்க்க வேண்டும்.

அடிவண்டல்:

டிகாண்டர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எல்லாத்துக்கும் வேண்டாம். பார்பரெஸ்கோவுக்கு ஒரு மணி நேரம், சிராவுக்கு அரை மணி. மொர்கோனும் பினோவும் பாட்டிலிலிருந்து நேரா கிளாஸுக்கு, அதுங்களுக்கு வாசனைதான் சொத்து, அதை வெளியே விட்டுட்டு என்ன மிஞ்சும்? பாட்டிலின் கார்க்கைத் திறந்து வச்சிட்டு ‘மூச்சு விடுது’ங்கிறதும் வீண்வேலை. கழுத்தில காற்று படுற பரப்பு ஒரு காசளவுதான். பத்துப் பதினைந்து வருஷப் பழைய பாட்டிலா இருந்தா அதுக்கு வேற கணக்கு: ஒரு நாள் முன்னாடியே நிமிர்த்தி நிறுத்தி வைக்கணும், கொடுக்கிறதுக்குச் சற்று முன்னாடி வண்டல் வராம மெதுவா சாய்த்து ஊற்றணும், ரொம்ப முன்னாடி ஊற்றினா வாசனை பறந்துடும்.

இப்போ சுவைக்கிற முறை. பழப்பெயர்ல தொடங்காதீங்க, அதுதான் உங்க கூட்டத்தோட பிரச்சினை. வாயில நடக்கிற நாலு விஷயத்தை முதல்ல எழுதச் சொல்லுங்க, அதுக்கு யாருக்கும் புலமை வேண்டாம்.

புளிப்பு: துப்பின பிறகு தலையைக் கொஞ்சம் குனிஞ்சு உட்காருங்க. கன்னத்து ஓரத்தில எச்சில் எவ்வளவு ஊறுது, எவ்வளவு நேரம் ஊறுது, அதுதான் அளவு. துவர்ப்பு: டானின் எச்சில்ல இருக்கிற புரதத்தோட ஒட்டிக்கும், வழவழப்பு போயிடும், அதனால ஈறும் மேலுதட்டு உள்பக்கமும் உலரும். ரொம்ப நேரம் ஊறின பால் இல்லாத தேநீர் குடிச்சா வர்ற அதே உணர்வு. புளிப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கிறவங்க நிறைய. ஒண்ணு நீர் ஊற வைக்கும், ஒண்ணு உலர்த்தும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆல்கஹால்: தொண்டைச் சூடு. கடைசியா, துப்பின பிறகு சுவை எத்தனை விநாடி நிக்குதுன்னு மனசுக்குள்ள எண்ணுங்க. நிக்கிறது பழமா வெறும் கசப்பா என்பதையும் குறிச்சுக்கணும்.

அதுக்குப் பிறகு மூக்கு. சுழற்றுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சுழற்றின பிறகு ஒரு தடவை முகரணும். முதல் முகர்வில லேசான, சீக்கிரம் பறக்கிற வாசனை தெரியும், இரண்டாவதில கனமானது. நீளமா இழுக்க வேண்டாம், குட்டிக் குட்டியா ரெண்டு முகர்வு போதும். வாயில பத்துப் பதினைந்து மில்லி எடுத்து, அஞ்சாறு விநாடி எல்லாப் பக்கமும் போக விட்டு, உதட்டு இடைவெளியில கொஞ்சம் காற்றை உறிஞ்சினா வாசனை தொண்டை வழியா மூக்குக்கு ஏறும். பெரும்பாலான ‘சுவை’ அங்கேதான் தெரியும். எல்லோரும் எழுதி முடிக்கிற வரைக்கும் பேச்சு கூடாது. பேசறவர் முதல்ல பேசிட்டா மீதி ஏழு பேரும் அவர் சொன்னதையே கண்டுபிடிப்பாங்க.

சிராவில மிளகு வாசனை தெரியலைன்னு ஒருத்தர் சொன்னா கேலி பண்ணாதீங்க. அந்த வாசனைக்குக் காரணம் ரொட்டண்டோன்னு ஒரு சேர்மம், கருமிளகில இருக்கிறதும் அதே. ஐந்தில ஒருத்தருக்குச் சுமாரா அது மூக்குக்குத் தெரியவே தெரியாது. எட்டுப் பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு அப்படி இருக்கலாம்.

வரிசை: மொர்கோன், பினோ, ஷினோன், ரியோஹா, சிரா, பார்பரெஸ்கோ. நிறத்தைப் பார்த்து வரிசை போட்டா பார்பரெஸ்கோ ரெண்டாவதா வந்துடும், ஏன்னா நெபியோலோ பினோ மாதிரியே வெளிறி, ஓரத்தில செங்கல் நிறமா இருக்கும். துவர்ப்போ ஆறிலயும் கடுமையானது. அதுக்குப் பிறகு மொர்கோன் குடிச்சா தண்ணி. இன்னொரு விஷயம், துவர்ப்பு மடக்குக்கு மடக்கு ஏறும், ஒரே ஒயினே மூணாவது மடக்கில முதல் மடக்கை விட கடுமையாத் தெரியும். அதனால ஒவ்வொரு ஒயினுக்கு இடையிலயும் ரெண்டு மூணு நிமிஷம் இடைவெளி, உப்பில்லாத வெறும் ரொட்டி, தண்ணி. சீஸ் முடிவில வச்சுக்கலாம். அதோட கொழுப்பும் உப்பும் துவர்ப்பை மழுக்கிடும், எந்த ஒயின் உண்மையில மென்மை, எது சீஸ்னால மென்மைன்னு பிரிக்க முடியாது.

வாசனைத் திரவியம், பல் துலக்கி அரை மணிக்குள்ள வர்றது, புதினா மிட்டாய் மூணும் தடை.

கொடிமுந்திரி:

நன்றி, இது அப்படியே அச்செடுத்து மேசையில் வைக்கிறேன். ஒரு பாட்டில் கெட்டுப்போயிருந்தால் எப்படி உறுதிசெய்வது? பிடிக்காததும் கெட்டதும் எங்களுக்கு ஒன்றாகத்தான் தெரியும். காரமான சாப்பாடு பிறகு வந்தால் எதைத் தொடர்வது என்றும் சொல்லுங்கள்.

கார்க்திருகி:

மூக்குக்கு ஈர அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த நிலவறை மாதிரி வந்தால் அது கார்க் கறை. டிசிஏ என்ற சேர்மம், லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். தொந்தரவு தருவது அதைவிடக் குறைந்த அளவு: கெட்ட வாடை எதுவும் வராது, பழம் மட்டும் காணாமல் போயிருக்கும், ஒயின் ஊமையாக இருக்கும். பத்து நிமிடம் கிளாஸில் விட்டு மறுபடி முகருங்கள். கார்க் கறை காற்றுப் பட்டால் போகாது, பெரும்பாலும் இன்னும் துலக்கமாகும். திருப்பிக் கொடுக்க வேண்டிய பாட்டில் இது.

எரிந்த தீக்குச்சி அல்லது அவித்த முட்டை வாடை என்றால் அது வேறு. காற்று போதாமல் அடைபட்ட கந்தகச் சேர்மங்கள். சிராவில் இது அடிக்கடி வரும், திருகுமூடி பாட்டிலிலும் வரலாம். பலமாகச் சுழற்றுங்கள், அல்லது இரண்டு பாத்திரத்துக்கு இடையே மாற்றி மாற்றி ஊற்றுங்கள். லேசானது என்றால் சில நிமிடத்தில் போய்விடும். இதைக் கெட்டது என்று கொட்டிவிடுகிறவர்கள் உண்டு, பாவம் நல்ல ஒயின்.

நகப்பூச்சு நீக்கும் திரவம், வினிகர் என்றால் ஆவியாகும் அமிலம் மிகுந்துவிட்டது, சரிசெய்ய வழியில்லை. வேகவைத்த ஜாம் வாசனையும் வெளியே துருத்திய கார்க்கும் சேர்ந்து இருந்தால் பாட்டில் எங்கேயோ வெயிலில் கிடந்திருக்கிறது. குதிரைலாய வாடை, காயத்தில் ஒட்டும் பிளாஸ்டரின் வாடை பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டின் கைவரிசை. கொஞ்சம் இருந்தால் ரசிக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆகவே இது கெட்டதா என்பதில் சண்டை ஓயாது. அடியில் கண்ணாடித்தூள் மாதிரி படிகம் கிடந்தால் அது டார்ட்டாரிக் அமில உப்பு, ஒரு கெடுதலும் இல்லை.

எட்டுப் பேரும் ‘பிடிக்கவில்லை’ என்றால்கூட அது கெட்டது என்பதற்கு ஆதாரமாகாது. மேலே சொன்ன வாடைகளில் ஒன்று வந்திருக்க வேண்டும். மொர்கோனுக்கோ ரியோஹாவுக்கோ ஒரு மாற்றுப் பாட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எது போனாலும் அந்த இடத்தை நிரப்பும்.

துவர்ப்புப்பிரியன்:

காரத்துக்கு: மிளகாய் எரிச்சலை ஆல்கஹாலும் டானினும் கூட்டும். எனவே மிச்சத்தில் பார்பரெஸ்கோவையும் சிராவையும் மறுநாளுக்கு ஒதுக்கிவிட்டு, மொர்கோனை 12 டிகிரிக்குக் குளிர்வித்துக் கொடுங்கள். பினோ அடுத்தது. ஓக் அதிகமுள்ள ரியோஹா காரத்தோடு கசக்கும். பார்பரெஸ்கோவின் அரைப் பாட்டிலை நான் சுவைத்த அன்றைக்கே முடிக்கவும் மாட்டேன். மூன்றாம் நாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 16 டிகிரிக்கு வரவிட்டு, முதல் நாள் எழுதிய துவர்ப்புக் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.